அவுரி இலையும் எங்க ஆச்சியும்

தலைப்பைத் தாண்டிப் படிக்கும்போது சிரிக்காதீங்க தோழிகளே, இது மலச்சிக்கல் பற்றிய கட்டுரை!

எங்க தூத்துக்குடி மாவட்டத்தில் விளையும் அவுரி இலை, அதாவது நிலாவாரை, வெளிநாட்டுக்கெல்லாம் மருந்துக்காகப் போகிறது. அதிலுள்ள சென்னோசைடு என்ற பொருள் பெருங்குடலைத் தூண்டிவிடும். ராத்திரி சாப்பிட்டால் 6 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்யும். என்றைக்காவது ஒருநாள் என்றால் நல்ல மருந்துதான்.

எங்க ஆச்சி தினமும் குடித்தார். "இலைதானட்டீ, என்ன செய்யும்?" என்பார். மூணு மாசத்தில் பொடி இல்லாமல் வெளிக்கே போக முடியவில்லை. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது, நடக்கத் தெம்பில்லை. பேதியோடு பொட்டாசியம் சத்தும் போய்விட்டது என்றார் டாக்டர்.

ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து சாப்பிடக் கூடாது. வயிற்றுவலி, வாந்தி இருந்தால் தொடவே கூடாது; குடல்வால் வீக்கமாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீங்க.

நமக்கு மலச்சிக்கல் வருவதற்குப் பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் ஒரு காரணம்தான். ஏன் குடிப்பதில்லை என்று உங்களுக்கே தெரியும்.

ஆச்சிக்கு இப்போ கீரையும் கொய்யாப்பழமும்தான். பொடி டப்பாவை நான்தான் ஒளித்து வைத்திருக்கிறேன். இன்னும் தேடுகிறார்!