மடல் எங்கே போயிற்று?

பாம்பூஃப்ளாட்டில் வாழும் மாணவர் ஒருவர், நேர்முகத் தேர்வுக்கான அழைப்பைக் காலையில் வீட்டு மேசைக் கணினியில் படிக்கிறார் என்று கொள்வோம். படகேறிச் சாத்தம் துறையில் இறங்கிக் கைப்பேசியைத் திறந்தால், அம்மின்னஞ்சலைக் காணோம்! அது எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை, நண்பர்களே. வீட்டுக் கணினிக்குள்ளேயே கிடக்கிறது. மடல் பெறும் முறைகள் இரண்டு. 'பாப்' முறை, வழங்கியிலிருந்து மடல்களை இறக்கிக் கணினியில் சேர்க்கும்; வழங்கியில் படி இருக்கட்டும் என்று நாம் குறிக்காவிடின், அங்கே அவற்றை அழித்தும் விடும். 'ஐமேப்' முறையோ, மடல்களை வழங்கியிலேயே காத்து, எல்லாக் கருவிகளிலும் ஒன்றுபோலக் காட்டும்.

தீவுகள் செயற்கைக்கோளையே நம்பியிருந்த நாளில், இணைப்புக் கிடைத்தபோது இறக்கிக்கொள்ளும் பாப் முறை ஏற்றதாயிருந்தது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடி வடம் 2020 ஆகஸ்டு 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டபின், ஐமேப்பே பொருத்தமாயிற்று.

நம் கணக்கு எம்முறையில் உள்ளது? தண்டர்பேர்டு மென்பொருளில் மூன்று கோட்டுக் குறியை அழுத்தி, 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' திறவுங்கள். கணக்கின் பெயருக்குக் கீழுள்ள 'சர்வர் செட்டிங்ஸ்' பகுதியில் முறை, வழங்கியின் பெயர், 'போர்ட்' எண் மூன்றும் தெரியும். மறையாக்கத்துடன் ஐமேப்புக்கு 993, பாப்புக்கு 995 என்பதே வழக்கம். அனுப்பும் வழங்கிக்குரிய எண் 465 அல்லது 587. அதன் விவரம் இடப்பக்கப் பட்டியலின் அடியில் தனியே இருக்கும்.

பாப் கணக்கை அங்கேயே ஐமேப்பாக மாற்ற இயலாது. அதே முகவரியை ஐமேப் கணக்காகப் புதிதாய்ச் சேர்க்கவேண்டும். பழைய மடல்களை அதற்குள் படியெடுக்கும்வரை பழைய கணக்கை நீக்கிவிடாதீர். அழைப்பு மடல் அதற்குள் இருக்கலாம் அல்லவா?