பெயரில் 'ராயல்' இருந்தால் அரச குடும்பத்து டிரஸ்ட்டா?

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ 'ராயல்', 'மகாராஜா' என்ற பெயரோடு ஒரு அறக்கட்டளை நன்கொடை கேட்டு வந்தால், பின்னால் ஏதோ அரச குடும்பம் இருக்கும்னு தோணும். பிரிட்டனில் அது ஓரளவு சரி. அங்கே 1824-ல் தொடங்கிய விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தின் பெயரில், விக்டோரியா மகாராணி 1840-ல் அனுமதித்த பிறகுதான் 'ராயல்' சேர்ந்தது.

இங்கே அனுமதி தர ராஜாவே இல்லை. பழைய பட்டங்கள் சில பெயர்களில் தங்கியிருக்கின்றன. 1929-ல் பிரிட்டிஷ் அரசு அண்ணாமலை செட்டியாருக்குக் கொடுத்த 'ராஜா' பட்டம், தமிழிசைச் சங்கத்தின் சென்னை மன்றப் பெயரில் இன்னும் இருக்கிறது. ஆனால் 1971-ல் மன்னர்களுக்கான அங்கீகாரமும் மானியமும் போய்விட்டன.

வேடிக்கை என்னன்னா, பார்ட்னர்ஷிப் கம்பெனிக்கு 'ராயல்' என்று பெயர் வைக்க 1932-ம் ஆண்டுச் சட்டப்படி மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். டிரஸ்ட் பத்திரத்துக்கு அந்தப் பிரிவு பொருந்தாது.

டிரஸ்ட்டுக்கு எந்தப் பெயரும் வைக்கலாம் என்றும் இல்லை. 1677-ல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்த சத்ரபதி சிவாஜி மகாராஜின் பெயர், 1950-ம் ஆண்டு பெயர்கள், சின்னங்கள் சட்டத்தின் தடைப் பட்டியலில் இருக்கிறது. மத்திய அரசின் அனுமதி தேவை. அதே செஞ்சிக்காக 1714-ல் போரிட்டு மடிந்த ராஜா தேசிங்கு, பாவம், அந்தப் பட்டியலில் இல்லை.

ரசீது புத்தகத்தை நீட்டினால் டிரஸ்ட்டின் பான் எண், பதிவு எண், வரிச்சலுகை அங்கீகார எண்ணைக் கேளுங்க. ரொக்கமாக ரூ.2,000-க்கு மேல் கொடுத்தால் வரிக்கழிவும் கிடைக்காது.