சீனி காணுமா?

வாழைச்சேனையில் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கதிரை வரும், பின்னாலேயே தேத்தண்ணி வரும். ஒரு வாய் குடித்ததும் கேள்வி வரும்: "சீனி காணுமா?" சீனி போடவா என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. போட்டாயிற்று, போதாவிட்டால் இன்னும் தரலாம் என்பதே அந்தக் கேள்வியின் பொருள். அதில் இருப்பது அன்பு. ஆனால் அந்த அன்பின் கணக்கை ஒருமுறை கூட்டிப் பார்க்கும் காலம் வந்துவிட்டது.

மட்டமாக அள்ளிய ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய 4 கிராம். கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் 40 கிராம். ஓர் ஆண்டுக்கு 14 கிலோவுக்கு மேல். துறைமுகத்தில் விடியுமுன் ஒன்று, கடை திறந்ததும் ஒன்று, அலுவலகத்தில் பத்து மணிக்கு ஒன்று, வெயில் சாய ஒன்று, விருந்தாளி வந்தால் இன்னொன்று. ஐந்து என்பது மிகைப்படுத்திய எண் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவின்படி, உணவில் சேர்க்கும் சீனி நாளின் மொத்தச் சக்தியில் பத்து வீதத்துக்குள் இருக்க வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு அது சுமார் 50 கிராம். 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது. பணிஸ், பிஸ்கட், சோடா எதையும் தொடுமுன்னரே தேத்தண்ணி மட்டும் அந்த 25ஐத் தாண்டிவிடுகிறது. ரின்பால் ஊற்றும் கோப்பைக்குக் கணக்கு வேறு. அந்தப் பாலின் எடையில் நாற்பது வீதத்துக்கு மேல் சேர்த்த சீனிதான்.

2016 ஓகஸ்ட் முதல் இலங்கையில் போத்தல் குளிர்பானங்களுக்கு நிறக்குறி உண்டு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. அந்த அளவுகோலைத் தேத்தண்ணிக்கு வைத்துப் பாருங்கள். 100 மில்லிலீற்றர் பிளேன்டீயில் மூன்று கரண்டி சீனி கரைத்தால் 12 கிராம். சிவப்பு. பிள்ளைக்குச் சோடா வாங்கிக் கொடுக்கத் தயங்கும் தாய், அதே இனிப்பைக் காலையில் பாணோடு கொடுக்கிறாள். கண்ணாடிக் கோப்பையில் நிறக்குறி ஒட்டப்படுவதில்லை என்பதுதான் வேறுபாடு.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? ஆங்கிலேயர் என்றதும் நினைவுக்கு வருபவற்றில் தேநீர் முதல் வரிசையில் நிற்கும். தேயிலை சீனத்துடையது. அதில் சீனியைக் கலப்பதை அன்றாடப் பழக்கமாக்கியவர்கள் ஆங்கிலேயர். ஜமெய்க்காவிலும் பார்படோஸிலும் அடிமைகளாக்கப்பட்ட ஆபிரிக்கர்கள் வெட்டிய கரும்பு அந்தக் கோப்பையை இனிப்பாக்கியது. 1874இல் பிரித்தானியா சீனி மீதான இறக்குமதி வரியை நீக்கியபின் ஆலைத் தொழிலாளியின் மேசையிலும் அது மலிந்தது. வயிற்றுக்குச் சோறு போதாத இடத்தில் சூடான இனிப்புத் தண்ணீர் பசியை மறக்கச் செய்தது. இங்கே 1867இல் ஜேம்ஸ் ரெய்லர் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் போட்டார். கோப்பியை இலைநோய் அழித்தபின் மலையகம் முழுவதும் தேயிலையானது. தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் முதுகில் அந்தத் தோட்டங்கள் எழுந்தன. மல்லித்தண்ணியும் மோரும் இளநீரும் குடித்த வாவிக்கரைக்கும் கோப்பை வந்து சேர்ந்தது, கரண்டியோடு.

இப்போது ஆங்கிலேயரின் நாட்டிலிருந்தே ஒரு சான்று வந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் சீனி பங்கீட்டுக்கு வந்தது. 1953 செப்டெம்பரில் பங்கீடு நின்றது. நின்றதும் மக்கள் உண்ட சீனி ஏறக்குறைய இரட்டித்தது. கருவிலும் பிறந்த முதல் இரண்டு ஆண்டுகளிலும் பங்கீட்டுக்குள் வளர்ந்தவர்களை, சற்றுப் பிந்திப் பிறந்தவர்களோடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். 2024இல் சயன்ஸ் இதழில் முடிவு வெளியானது. பங்கீட்டுக் காலப் பிள்ளைகளுக்கு முதிர்ந்த வயதில் நீரிழிவு வரும் ஆபத்து சுமார் 35 வீதமும் உயர் இரத்த அழுத்த ஆபத்து சுமார் 20 வீதமும் குறைவு. வந்தவர்களுக்கும் சில ஆண்டுகள் பிந்தியே வந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரி குடிக்கும் கோப்பை, அந்தப் பிள்ளையின் ஐம்பதாவது வயது வரை போகிறது என்பதே இதன் பொருள்.

நம் நிலை என்ன? இலங்கையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த பெரிய ஆய்வு, வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதைக் கண்டது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது. அந்த ஆய்வு ஒன்பது மாகாணங்களில் ஏழில்தான் நடந்தது. போரினால் வடக்கும் கிழக்கும் எண்ணப்படவில்லை. நாம் கணக்கில் இல்லாதபோதும் நோய் நம்மிடம் இருந்தது. சீனி மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்லமாட்டேன். பரம்பரை, இடுப்புச் சதை, தட்டு நிறையச் சோறு, உடல் அசையாத வேலை எல்லாம் சேர்கின்றன. தெற்காசிய உடல் குறைந்த எடையிலேயே இந்த நோய்க்கு இடம் கொடுக்கிறது. ஆகவே "நான் மெலிவுதானே" என்ற ஆறுதல் நமக்குப் பொருந்தாது. இத்தனை காரணங்களில் இன்றைக்கே, காசு செலவில்லாமல் குறைக்கக் கூடியது கரண்டிதான்.

வாவியில் இறங்கித் தொழில் செய்கிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நீண்டகாலச் சீனி வருத்தம் காலின் உணர்வை மழுங்கடிக்கும், இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். சிப்பி கிழித்தாலும் முள் ஏறினாலும் நோகாது. நோகாத புண்ணை யாரும் பார்ப்பதில்லை. பார்க்கும்போது சீழ் பிடித்திருக்கும், சிலருக்கு விரலோ காலோ போகும். ஓயாத தாகம், இரவில் அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத மெலிவு, ஆறாத புண் இருந்தால் காத்திருக்கக் கூடாது. எந்த அறிகுறியும் இல்லாமலும் நோய் பல ஆண்டுகள் இருக்கும். அதனால் 35 வயது கடந்தவர்கள் ஒருமுறையாவது வெறுவயிற்றில் இரத்தம் சோதிக்க வேண்டும். அரச வைத்தியசாலைகளின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் இது இலவசம். அளவு டெசிலீற்றருக்கு 100 முதல் 125 மில்லிகிராம் வரை என்றால் எச்சரிக்கை. 126 அல்லது அதற்கு மேல் என்றால் மறுபடி சோதித்து மருத்துவரிடம் உறுதி செய்ய வேண்டும்.

சீனியே போடாத தேத்தண்ணிக்கும் ஒரு நேரம் உண்டு. சாயத்திலுள்ள துவர்ப்புப் பொருள், கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாது. சாப்பாட்டோடு குடித்தால் அந்த இரும்பில் பாதிக்கு மேல் வீணாகலாம். கிளினிக்கில் தந்த இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கும் தாய், மருந்தையும் வீணாக்கித் தன் இரத்தத்தையும் வீணாக்குகிறாள். குளிசைக்குத் தண்ணீர் போதும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணி நேரம் விட வேண்டும். கீரைக்கு எலுமிச்சம்புளி பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. வாரத்துக்கு அரைக் கரண்டி குறைத்தால் ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். கடைக்காரர் சீனியைப் புறம்பாக வைக்கலாம். கூட்டங்களிலும் கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் சீனியில்லாத சாயம் ஒரு கேத்தலில் தனியாக இருக்கட்டும். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சீனியும் வேண்டாம், சாயமும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்தவருக்குச் சீனியைக் குறைத்துக் கொடுப்பது கஞ்சத்தனம் என்று நம் பெரியவர்கள் நினைத்தார்கள். சீனி கிடைக்காத காலத்தில் அது சரியான நினைப்பு. அடுத்தமுறை கோப்பையைக் கலக்குமுன் கேளுங்கள்: "சீனி போடவா, வேண்டாமா?" வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டிருந்த ஒருவர், உங்கள் வீட்டில்தான் முதன்முறையாக அதைச் சொல்லக்கூடும்.