சம்பளக் கவரில் வராத பணம்

தொண்ணூறுகளில் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கணக்குத் தீரும் நேரம் சனிக்கிழமை மாலை. ஓவர்லாக் தைப்பவர் அந்த வாரம் எத்தனை டஜன் முடித்தார், டஜனுக்கு என்ன கூலி என்று மனத்திலேயே பெருக்கி வைத்திருப்பார். கவரில் உள்ள தொகை அதோடு ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே கேட்டுவிடுவார். 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது.

அந்தக் கூலியோடு கவரில் வராத ஒரு பணமும் சேர்கிறது. அது பி.எஃப். எனப்படும் வருங்கால வைப்பு நிதி வழியாக வருகிறது; அதில் அரசின் பங்கும் உண்டு.

கணக்கு இதுதான். 2001-ல் பி.எஃப். சம்பள உச்சவரம்பு 6,500 ரூபாய். தொழிலாளி 12 சதவீதம், அதாவது 780 ரூபாய் கட்டினார். முதலாளியும் 780 கட்டினார். அதில் 541 ரூபாய் ஓய்வூதியத்துக்குப் போனது. அரசு 1.16 சதவீதம், சுமார் 75 ரூபாய் சேர்த்தது. 2014 செப்டம்பரில் வரம்பு 15,000 ஆனது. இப்போது இருவர் பங்கும் தலா 1,800, ஓய்வூதியத்துக்கு 1,250, அரசின் பங்கு 174. மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளியிடம் பிடிப்பதோ 2019 ஜூலையில் 1.75 சதவீதத்திலிருந்து 0.75 ஆகக் குறைந்தது.

அன்று கம்பெனி மாறும்போதெல்லாம் படிவம் 19, படிவம் 10சி என்று எழுதிக் கொடுத்துப் பணத்தை எடுத்துவிடுவார்கள். கல்யாணச் செலவுக்கு அது உதவியது; ஓய்வூதியத்துக்கான பணிக்காலமோ அதோடு அழிந்தது. பத்து ஆண்டு இல்லாமல் மாத ஓய்வூதியம் கிடையாது. 2014-ல் வந்த யு.ஏ.என். எண் கம்பெனி மாறினாலும் கூடவே வருகிறது. சராசரியாக 15,000 ரூபாய்க்குப் பி.எஃப். பிடித்து 15 ஆண்டு வேலை செய்தவருக்கு, 15,000-ஐ 15-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால், மாதம் சுமார் 3,214 ரூபாய். பெரிய தொகையல்ல, ஆனால் முன்பு பலருக்கு அதுவும் இல்லை. இன்னொரு பக்கம், தொண்ணூறுகளில் 12 சதவீதமாக இருந்த வட்டி 2024-25-ல் 8.25.

வேலை தருவதற்கு என்றும் அரசு தனியே பணம் ஒதுக்கியது. 2016-ல் தொடங்கிய திட்டத்தில் புதிய ஆட்களுக்கான முதலாளியின் ஓய்வூதியப் பங்கை அரசே கட்டியது. ஆயத்த ஆடைத் தொழிலுக்கு முதலாளியின் மீதிப் பங்கான 3.67 சதவீதத்தையும் கட்டியது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தில், முதன்முறை பி.எஃப்.-ல் சேர்பவருக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் 15,000 ரூபாய், இரண்டு தவணையாக வரும்: ஆறு மாதம் முடிந்ததும் ஒன்று, பன்னிரண்டு மாதம் முடித்து நிதிக் கல்விப் பாடமும் படித்த பின் மற்றொன்று. முதலாளிக்குக் கூடுதல் ஆள் ஒருவருக்கு மாதம் 3,000 வரை.

எனக்கு உறுத்துவது இந்த ஆறு மாதம்தான். ஆர்டர் இருக்கும் இடத்துக்கு மாறிக்கொண்டே இருப்பது திருப்பூர் தையல்காரரின் பிழைப்பு. கூலி உயர்வையும் அவர் அப்படித்தான் பெற்றார். நிலைத்து நிற்பவரைக் கருதி எழுதிய கணக்கு அவருக்கு எளிதில் பொருந்தாது. இருபது பேருக்குக் குறைவான ஜாப் ஒர்க் யூனிட்டுக்கோ பி.எஃப். கட்டாயமே இல்லை. சம்பளத்தைப் படிகளாகப் பிரித்து, சிறிய அடிப்படைத் தொகைக்கு மட்டும் பி.எஃப். கட்டினால் அரசின் பங்கும் ஓய்வூதியமும் சேர்ந்தே சுருங்கும். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டும் படிகளைச் சம்பளமாகவே கணக்கிடச் சொல்கிறது.

டஜன் கணக்கைச் சரிபார்க்கத் தெரிந்தவருக்கு இந்தக் கணக்கு கடினமல்ல. உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, எந்தச் சம்பளத்துக்குப் பிடித்திருக்கிறார்கள் என்று மாதம் ஒருமுறை பாருங்கள். உங்கள் சம்பளத்தோடு பொருந்தாவிட்டால், சனிக்கிழமைக் கவருக்குக் கேட்டதுபோல் அதற்கும் கேளுங்கள்.