‘போனைப் பிடுங்கிடுவேன்’ என்று சொல்வதற்கு முன்னால்

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10-ஆம் தேதி அந்தச் சட்டம் அமலுக்கு வந்தபோது, சிட்னியில் நான் இருக்கும் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே நிம்மதிப் பெருமூச்சு. “அப்பாடா, இனிமே கவர்ன்மென்ட்டே பாத்துக்கும்” என்று ஒருவர் போட, அதற்கு இருபது கைகூப்பல்கள். 16 வயது நிரம்பாதவர்கள் இனி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், த்ரெட்ஸ், டிக்டாக், ஸ்னாப்சாட், எக்ஸ், யூடியூப், ரெடிட், ட்விட்ச், கிக் ஆகிய தளங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது. வைத்திருக்க விட்டால் அந்த நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தண்டனை எதுவும் இல்லை.

நான் இந்தச் சட்டத்தை ஆதரிப்பவன். ஆனாலும் அந்தக் கைகூப்பல்கள் கொஞ்சம் அவசரப்பட்டவை என்றே நினைக்கிறேன். சட்டம் தடுப்பது ‘கணக்கு’ வைத்திருப்பதை மட்டும்தான். கணக்கில் நுழையாமல் யூடியூப் பார்ப்பதை அது தடுக்கவில்லை. அதைவிட முக்கியம், அமலுக்கு வந்த நாளில் பட்டியலில் இல்லாதவை எவை என்பது. ரோப்ளாக்ஸ் இல்லை. டிஸ்கார்ட் இல்லை. வாட்ஸ்அப், மெசஞ்சர், ஸ்டீம் எதுவும் இல்லை. நம் வீட்டில் பத்து வயதுப் பிள்ளை ஸ்கூல் விட்டு வந்ததும் எதைத் திறக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் ரோப்ளாக்ஸ்தான். அங்கே யாரோடு பேசுகிறது? “ஃப்ரெண்ட்ஸோட” என்று சொல்லும். கிளாஸ்மேட்டா, கேமுக்குள் பழக்கமானவரா என்று அடுத்த கேள்வியை நாம் கேட்பதில்லை. அரட்டைக்கு முன் முகத்தை வைத்து வயதை மதிப்பிடும் ஏற்பாட்டை ரோப்ளாக்ஸ் இப்போது கொண்டுவந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் அங்கே பழகியவர்கள் “டிஸ்கார்டுக்கு வா” என்று கூப்பிட இரண்டு நொடி போதும்.

நம்ம வீடுகளுக்கே உரிய ஒரு பழக்கம் இருக்கிறது. ஹாலில் இருக்கும் டிவியில் ஓடுவது அப்பாவின் யூடியூப் கணக்கு. அதில்தான் அப்பா இளையராஜா கேட்கிறார், அம்மா சமையல் பார்க்கிறார், பாட்டி ஊரிலிருந்து வந்தால் பிரதோஷ பூஜை பார்க்கிறார், பையன் கேமிங் வீடியோ பார்க்கிறான். அந்தக் கணக்குக்கு வயது 42. பையனுக்கு என்ன காட்டலாம் என்று அந்த நிரல் முடிவு செய்யும்போது, எதிரில் இருப்பது 42 வயது மனிதர் என்றுதான் நினைத்துக்கொள்கிறது. எந்த வயதுச் சட்டமும் இந்த இடத்தில் வேலை செய்யாது.

இன்னொன்று, பிறந்த வருடத்தை மாற்றிப் போடுவது. “2005-ன்னு போடும்மா, அப்பதான் விடுவான்” என்று பெற்றோரே உட்கார்ந்து கணக்குத் திறந்து கொடுப்பது நமக்குப் புதிதல்ல. இதைத் தப்பு என்றுகூட யாரும் நினைப்பதில்லை. சினிமா டிக்கெட்டுக்கு வயசைக் குறைத்துச் சொல்வது மாதிரி இதுவும் ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட். ஆனால் உள்ளே நடப்பது வேறு. இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் பதின்வயதினருக்கென்று தனிக் கணக்கு முறையைக் கொண்டுவந்தது. அதில் கணக்கு தானாகவே பிரைவேட் ஆக இருக்கும். தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. பொய் வயது போட்ட பிள்ளைக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது. 12 வயதுப் பெண் குழந்தை 20 வயதுப் பெண்ணாகப் பதிவாகி இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கதவைத் தட்டலாம்.

பல வருடங்களாக நாம் கேட்டுப் பழகிய அந்த ‘13 வயது’ எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவில் 1998-இல் நிறைவேறிய ஒரு சட்டம். 13 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளின் தகவல்களைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் இணைய நிறுவனங்கள் சேகரிக்கக் கூடாது என்பது அதன் சாரம். சம்மதம் வாங்கும் தலைவலி எதற்கு என்று நிறுவனங்கள் ‘13 வயதுக்கு மேல் மட்டும்’ என்று போர்டு மாட்டிக்கொண்டன. ஃபேஸ்புக்கே அப்போது பிறக்கவில்லை. 13 வயதில் பிள்ளைக்கு மனப்பக்குவம் வந்துவிடும் என்று எந்த மருத்துவரும் உட்கார்ந்து தீர்மானித்த எண் அல்ல அது. நம்மில் பலர் “பதிமூணு முடிஞ்சுதே, குடுக்கலாம்ல” என்று அதை ஒரு மருத்துவ ஆலோசனை மாதிரி எடுத்துக்கொண்டோம்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 5 முதல் 17 வயது வரை பொழுதுபோக்குக்காக ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்பது ஆஸ்திரேலிய அரசின் வழிகாட்டல். சோறு ஊட்டும்போது போனைக் காட்டாத வீடு எத்தனை என்று கேட்டால் நாம் எல்லோரும் தரையைப் பார்ப்போம்.

ஆனால் மணிக் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நியூ சவுத் வேல்ஸில் ஓசி தேர்வும் செலக்டிவ் பள்ளித் தேர்வும் 2025 முதல் கம்ப்யூட்டரில்தான் நடக்கின்றன. கோச்சிங் ஆன்லைன், ஹோம்வொர்க் கூகுள் கிளாஸ்ரூம், ஹைஸ்கூல் போனால் சொந்த லேப்டாப். “படிக்கிறேன்ப்பா” என்ற ஒரு சொல்லுக்கு நம்ம வீட்டில் இருக்கும் மரியாதை வேறு எதற்கும் கிடையாது. அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் ரூம் கதவைச் சாத்திக்கொள்ளலாம். மூன்று மணி நேரம் அதே திரையில் செஸ் ஆடும் பிள்ளையைத் திட்டுகிறோம். பாடப் புத்தகத்துக்கு நடுவே இருபது நிமிடம் முகம் தெரியாத ஒருவரோடு பேசும் பிள்ளைக்குப் பூஸ்ட் கலக்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

அந்த இருபது நிமிடத்தில் என்ன நடக்க முடியும்? செக்ஸ்டார்ஷன் என்கிறார்கள், படத்தை வைத்து மிரட்டிப் பணம் பறிப்பது. பெண் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். பணம் கேட்டு மிரட்டும் இந்த வகையில் அதிகம் சிக்குவது பதின்வயதுப் பையன்கள். ஒரு பெண்ணின் பெயரில் ஃபாலோ ரிக்வெஸ்ட் வரும். ஏற்கெனவே பையனின் நண்பர்கள் இரண்டு பேர் அதை ஏற்றிருப்பார்கள், அதனால் சந்தேகம் வராது. கொஞ்சம் பேச்சு, பிறகு “வேற ஆப்ல பேசலாமா?” அந்தப் பக்கமிருந்து ஒரு படம் வரும், யாருடையதோ. “இப்ப நீ அனுப்பு.” இவன் அனுப்பிய அடுத்த நிமிடம் குரல் மாறும். அவனுடைய ஃபாலோயர் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட் வரும். ‘ஐநூறு டாலர், கிஃப்ட் கார்டாக வாங்கி நம்பரை அனுப்பு, இல்லாவிட்டால் இவர்கள் எல்லோருக்கும் போகும்.’ அறிமுகத்திலிருந்து மிரட்டல் வரை ஒரே இரவில் முடிந்துவிடலாம். எதிர்ப் பக்கம் இருப்பது தனி ஆள்கூட அல்ல, பல நேரங்களில் ஷிஃப்ட் போட்டு வேலை செய்யும் கும்பல். 2024 ஜூலையில் நைஜீரியாவிலிருந்து இயங்கிய சுமார் 63,000 இன்ஸ்டாகிராம் கணக்குகளை இதே காரணத்துக்காக நீக்கியதாக மெட்டா அறிவித்தது. இப்போது படம் அனுப்ப வேண்டிய அவசியம்கூட இல்லை. ஸ்கூல் போட்டோ ஒன்று கிடைத்தால் ஆடையில்லாத போலிப் படம் தயாரிக்க ஏஐ ஆப்கள் வந்துவிட்டன.

இப்போது அந்த ஃபாலோயர் பட்டியலை நம்ம பையனுடையதாக நினைத்துப் பாருங்கள். அதில் கோயம்புத்தூர் அத்தை இருக்கிறார். டொரண்டோ சித்தப்பா இருக்கிறார். தமிழ்ப் பள்ளி டீச்சரின் மகள் இருக்கிறாள். மிரட்டுகிறவனுக்கு இவர்கள் யாரென்று தெரியாது. பையனுக்குத் தெரியும். ராத்திரி ஒரு மணிக்கு அவன் மனதில் ஓடுவது போலீஸ் அல்ல, “நாலு பேரு என்ன சொல்வாங்க” என்று பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு வளர்ந்த அந்த வாக்கியம்.

அடுத்த அறையில் அப்பா தூங்குகிறார். எழுப்பலாமா? எழுப்பினால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். போன் போய்விடும். லேப்டாப் போய்விடும். “உன்னை நம்பித்தானே வாங்கிக் குடுத்தோம், இதுக்குத்தான் நாடு விட்டு நாடு வந்து கஷ்டப்படறோமா” என்பது வரும். அம்மா அழுவார். ஆகவே எழுப்ப மாட்டான். மிரட்டும் கும்பலுக்கு இந்த மௌனம்தான் முதலீடு. இப்படிப்பட்ட மிரட்டலில் மாட்டிய பிள்ளைகள் சிலர், பல நாடுகளில், உயிரையே மாய்த்துக்கொண்டிருக்கிறார்கள். படம் வெளியே போனால் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று அந்த ஒரு இரவில் நம்பிவிடுகிறார்கள்.

நான் வேலை பார்க்கும் துறையிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். ஆபீஸில் ஒருவர் தெரியாமல் மோசடி மெயிலைக் கிளிக் செய்துவிட்டால், உடனே செக்யூரிட்டி டீமுக்குச் சொல்ல வேண்டும். சொன்னவரைத் திட்ட மாட்டோம், சீட்டைக் கிழிக்க மாட்டோம். நல்ல மனசு காரணமல்ல. ஒருவரைத் திட்டினால் அடுத்த பத்துப் பேர் சொல்லாமல் மறைப்பார்கள், பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய விஷயம் பத்து நாள் கழித்துப் பெரிதாக வெடிக்கும். ஐடி வேலை பார்க்கும் நம்ம ஆட்கள் அத்தனை பேருக்கும் இது அத்துப்படி. வருடா வருடம் டிரெய்னிங் முடித்துச் சர்டிபிகேட் வாங்குகிறோம். வீட்டுக்கு வந்ததும் ‘போனைப் பிடுங்கிடுவேன்’ என்பதுதான் நமது செக்யூரிட்டி பாலிசி.

இதைப் பிள்ளையிடம் ஒரு தடவை, எதுவும் நடக்காத ஒரு சாதாரண நாளில், காரில் போகும்போது சொல்லிவிடலாம்: “யாராவது உன்னை மிரட்டினா எங்கிட்ட வா. என்ன அனுப்பியிருந்தாலும் பரவாயில்லை. போனை எடுத்துக்க மாட்டேன், அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு சேர்ந்து யோசிப்போம்.” உள்ளுக்குள் கூசும். நம்ம அப்பா நம்மிடம் இப்படிப் பேசியதில்லை. பார்வையை ரோட்டில் வைத்துக்கொண்டே சொல்லலாம் என்பதால்தான் காரைச் சொன்னேன்.

நடந்துவிட்டால், பணம் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அடுத்த தொகை கேட்பார்கள். பேச்சை நிறுத்த வேண்டும். அந்த அரட்டையையும் அந்தக் கணக்கின் பெயரையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். பதற்றத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடுவது பிள்ளைகளின் இயல்பு. ஆஸ்திரேலியாவில் இ-சேஃப்டி கமிஷனர் அலுவலகத்தில் ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம். 2015-இல் குழந்தைகளின் இணையப் பாதுகாப்புக்கென்றே தொடங்கிய அரசு அமைப்பு அது. படத்தை 24 மணி நேரத்துக்குள் நீக்கச் சொல்லி நிறுவனத்துக்கு உத்தரவிட 2021-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அதிகாரம் தந்திருக்கிறது. குழந்தைகளை இணையத்தில் சுரண்டும் குற்றங்களுக்காகக் கூட்டாட்சிப் போலீஸிலும் தனிப் பிரிவு உண்டு.

வேறு நாட்டில் இருப்பவர்களுக்கும் பயன்படும் ஒன்று, ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை. காணாமல் போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான அமெரிக்க மையம் நடத்துகிறது. “அந்தப் படத்தையே போய் இன்னொரு வெப்சைட்டில் ஏத்தறதா?” என்று பயப்பட வேண்டாம். படம் பிள்ளையின் போனை விட்டு வெளியே போகாது. போனுக்குள்ளேயே அந்தப் படத்திலிருந்து கைரேகை மாதிரி ஒரு எண் கணக்கிடப்படும். அந்த எண் மட்டும்தான் போகும். இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட், டிக்டாக் போன்ற தளங்கள் அதே எண்ணுள்ள படம் தங்களிடம் வருகிறதா என்று பார்த்து நீக்கும். எண்ணை வைத்துப் படத்தைத் திரும்ப உருவாக்க முடியாது. இதை ஒரு இன்ஜினியராகத் தைரியமாகச் சொல்கிறேன்.

டெக்னிக்கல் பூட்டுகளைப் பற்றி அதிகம் பேச எனக்கு ஆர்வமில்லை, எங்களவர்கள் அதில்தான் வார இறுதி முழுக்கச் செலவழிக்கிறார்கள். ரூட்டரில் டிஎன்எஸ் முகவரியை கிளவுட்ஃபிளேரின் 1.1.1.3 என்று மாற்றினால் ஆபாசத் தளங்கள் பெருமளவு நின்றுவிடும். ஐந்து நிமிட வேலை, செய்துவிடுங்கள். பையன் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்குப் போனால் அது பயனற்றது என்பதும், விபிஎன் என்ற சொல் அவனுக்கு ஏழாம் வகுப்பிலேயே தெரியும் என்பதும் நினைவில் இருக்கட்டும். ஸ்க்ரீன் டைம் பாஸ்கோடாக அம்மாவின் பிறந்த வருடத்தை வைக்காதீர்கள். நான் பார்த்தவரை ஒழுங்காக வேலை செய்யும் ஒரே ஏற்பாடு, ராத்திரி எல்லார் போனும், அப்பா அம்மா போன் உட்பட, கிச்சனில் சார்ஜ் ஆவதுதான். ‘ஆன்கால் இருக்கே’ என்பீர்கள். ரிங்டோனைச் சத்தமாக வையுங்கள்.

டிசம்பர், ஜனவரி பெரிய லீவில் பலர் ஊருக்குப் போகிறோம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஆஸ்திரேலியச் சட்டம் கிடையாது. டேட்டா மலிவு, கசின் அண்ணன் போனில் இன்ஸ்டா திறந்தே கிடக்கும், பெரியவர்கள் கல்யாண வேலையில் இருப்பார்கள். “இங்க ஒண்ணும் சொல்லாதீங்க, லீவுதானே, விடுங்க” என்று பாட்டி பரிந்து பேசுவார். ஆறு வாரம். இங்கே கட்டிய பழக்கமெல்லாம் அங்கே கரைந்துவிடுகிறது. கிளம்பும் முன் ஊரிலிருக்கும் அண்ணன் அண்ணியிடம் ஒரு போன் போட்டுச் சொல்லிவைப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இதைப் படிப்பவர்களில் இங்கேயே வளர்ந்த இரண்டாம் தலைமுறையினரும் இருக்கிறீர்கள் என்று தெரியும். உங்கள் தம்பி தங்கைகளின் அரட்டையில் வரும் சொற்களும் எமோஜிகளும் என்ன அர்த்தத்தில் வருகின்றன என்பது உங்களுக்குப் புரியும். எங்களுக்கு ஆங்கிலம் தெரிந்தும் அது புரிவதில்லை. அம்மாவிடம் சொல்லத் தயங்கும் பிள்ளை முதலில் அக்காவிடம்தான் வரும். அப்படி வந்தால் “அப்பாகிட்ட சொல்லாதே” என்று நீங்களும் சேர்ந்து மறைத்துவிடாதீர்கள். கூட வந்து பக்கத்தில் உட்காருங்கள், நீங்களே பேச்சைத் தொடங்கிக் கொடுங்கள்.

யாரிடமும் சொல்ல முடியாத பிள்ளைக்கு ஆஸ்திரேலியாவில் கிட்ஸ் ஹெல்ப்லைன் இருக்கிறது: 1800 55 1800. 5 முதல் 25 வயது வரை யாரும், எந்த நேரமும், இலவசமாக அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 000. ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால், 131 450 என்ற அரசின் மொழிபெயர்ப்புச் சேவை எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். இந்த மூன்று எண்களையும் ஃப்ரிட்ஜ் கதவில், கோயில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். பையன் பால் எடுக்க வரும்போதெல்லாம் கண்ணில் படும்.