லாச்சியில் கிடக்கும் பழைய விளம்பர அட்டைகள்

மாத்தளையில் பாட்டன் காலத்துக் கடையொன்றை உடைத்துப் புதிதாகக் கட்டும்போது பழைய அலுமாரிக்கும் தராசுக்கும் நன்றாக விலை பேசுகிறோம். லாச்சியில் கிடக்கும் காகிதங்களை மட்டும் போத்தல், பேப்பர்காரரிடம் கிலோ கணக்கில் போட்டுவிடுகிறோம். அதற்கு முன் ஒரு தடவை அவற்றைப் புரட்டிப் பாருங்கள்.

விக்டோரியா மகாராணி காலத்தில், குறிப்பாக 1870களிலிருந்து, மேல்நாட்டுக் கம்பனிகள் வர்ண விளம்பர அட்டைகளை இலவசமாகக் கொடுத்தன. முன்பக்கம் அழகிய படம், பின்பக்கம் சரக்கின் புகழ். வாங்கியவர்கள் அவற்றை அல்பத்தில் ஒட்டி வைத்தார்கள். இன்று ஒக்ஸ்போர்ட் பொட்லியன் நூலகத்திலுள்ள ஜோன் ஜோன்சன் தொகுப்பில் இப்படிப்பட்ட காகிதங்கள் பத்திரமாக இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கும் தனியாரும் பலர்.

நமக்கும் இதில் பங்குண்டு. 1877இல் இலங்கையில் கடை திறந்த சிங்கர் கம்பனி, 1892இல் பல நாட்டு மக்கள் தத்தம் உடுப்பில் தையல் மெஷினோடு இருக்கும் அட்டைத் தொடரை அச்சிட்டது. அதில் இலங்கைக்கும் ஓர் அட்டை உண்டு.

புடவை வியாபாரிகளுக்கு இன்னும் நெருக்கமானது மான்செஸ்டர் டிக்கட். அங்கிருந்து கப்பலேறிய துணிகளின்மேல் யானை, புலி, ராஜா, ராணி என்று பொன்னிறம் மின்னும் படங்களை ஒட்டி அனுப்பினார்கள். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதவர் படத்தைச் சொல்லித் துணி கேட்டார். கம்பனியின் பெயர் அவருக்குத் தேவைப்படவில்லை. (இன்றைய விளம்பரக்காரர்கள் இலட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு செய்வதும் இதைத்தானே!) 1880இல் மாத்தளைக்கு ரயில் வந்த பின் கொழும்புச் சரக்கு இங்கேயே வந்து இறங்கியது. துணி விற்றுப் போனாலும் டிக்கட் சில கடைகளில் தங்கியிருக்கலாம்.

பழையதா, பிற்காலப் பிரதியா என்று அறியப் பூதக்கண்ணாடி போதும். அக்கால லித்தோ அச்சில் புள்ளிகள் ஒழுங்கற்றுச் சிதறியிருக்கும். இப்போதைய அச்சில் வரிசை தவறாது நிற்கும். அட்டை கிடைத்தால் லெமினேட் செய்யாதீர்கள், பசைநாடா ஒட்டாதீர்கள், ஒட்டியிருப்பதைத் தண்ணீரில் ஊறவைத்து உரிக்காதீர்கள். மூலை மடிந்தாலே விலை இறங்கும். நமது ஊர்க் கடையின் பெயர் அச்சிட்டிருந்தால் அதை விற்காமல் வைத்திருப்பதே என் விருப்பம். அந்தக் கடை இருந்ததற்கு வேறு சாட்சி இல்லாமலும் போகலாம்.

விற்பதென்றால் இரு பக்கமும் படம் எடுத்து, இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். வாங்க வருபவர் கட்டைப் பிரிக்காமலே மொத்தத்துக்கு ஒரு விலை சொன்னால், ஒரு கிழமை தவணை கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள்.