மழையும் இரு சக்கரமும் – 4: லிவரைப் பிடித்த பிறகு

சென்ற இதழில் டயரைப் பார்த்தோம். மழையில் வண்டி நிற்காமல் வழுக்கினால் டயரையும் ரோட்டையும்தான் முதலில் குறை சொல்கிறோம். லிவரைப் பிடித்ததற்கும் பிரேக் பிடிப்பதற்கும் நடுவே போகிற நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில், அரை நொடி தாமதித்தால் வண்டி 8 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். மூன்று ஆட்டோக்களை வரிசையாக நிறுத்தக்கூடிய தூரம் அது. டிஸ்க்கின் மேல் படர்ந்த மெல்லிய நீர்ப்படலத்தை பேட் வழித்துத் தள்ளும் நேரம்தான் இந்தத் தாமதம். படலம் படர்வதை நாம் தடுக்க முடியாது. ஆனால் அது எவ்வளவு சீக்கிரம் விலகும் என்பது, வெயில் காலத்தில், பேடுகளை அழுத்தும் காலிப்பரை எப்படி வைத்திருந்தோம் என்பதைப் பொறுத்தது.

இது பழைய பிரச்சினை. 1969-ல் ஹோண்டா சிபி750 முன்சக்கர டிஸ்க்கோடு வந்த பிறகு, எழுபதுகளின் ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் துருப்பிடிக்காத எஃகில் ஓட்டையில்லாத டிஸ்க் வந்தது. பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் மழையில் தாமதமாகப் பிடிக்கும் என்று அவை பெயர் கெட்டன. இன்று டிஸ்க்கில் இருக்கும் ஓட்டைகளை அழகுக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. தண்ணீர் விலகிப்போக வழி அவைதான். அந்த ஓட்டைகளில் பேட் தூளும் சேறும் இறுகிக் கிடந்தால், ஒரு ஈர்க்குச்சியால் குத்தி எடுத்துவிட வேண்டும். அதைவிடக் கெடுதல், வாட்டர் வாஷ் முடிந்ததும் வண்டி மின்னட்டும் என்று டீசலையோ ஆயிலையோ பீய்ச்சுவது. டிஸ்க்கில் ஒரு துளி பட்டாலும் பேட் அதை உறிஞ்சிக்கொள்ளும். “சக்கரத்துப் பக்கம் ஆயில் வேண்டாம் அண்ணா” என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பெரும்பாலான சின்ன வண்டிகளின் காலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கும். அது தன் பக்கத்துப் பேடைத் தள்ள, காலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின் மேல் நகர்ந்து எதிர்ப்பக்கப் பேடை இழுத்து அழுத்தும். ரப்பர் உறை கிழிந்த வண்டியில் பின்னை உருவிப் பாருங்கள்: கிரீஸ் காய்ந்து, காப்பித்தூள் நிறத்தில் துரு ஒட்டியிருக்கும். அந்த வண்டியின் பேடுகளில் ஒன்று தேய்ந்து தகடாகியிருக்கும், மற்றது புதிது போல இருக்கும். பாதி பிரேக்தான் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். உலர்ந்த ரோட்டில் கை அழுத்தம் இதை மறைத்துவிடும், மழையில் மறைக்காது. பின்னைத் துடைத்து சிலிக்கான் கிரீஸ் தடவ அரை மணி நேரம் போதும். சாதாரண கிரீஸ் வேண்டாம், அது ரப்பரை உப்ப வைத்துவிடும்.

ஏபிஎஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் அது கட்டாயம், நல்ல ஏற்பாடு. ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது மட்டுமே அதன் வேலை. பேடே பிடிக்காதபோது அதற்கு வேலையே இல்லை. மழையில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்பது இன்னொரு வாதம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. முதலில் ஒன்றும் பிடிக்காது, ஓட்டுபவர் இன்னும் அழுத்துவார், படலம் விலகியதும் பிரேக் சட்டென்று கவ்வும், சக்கரம் வழுக்கும். ஆனால் இது பராமரிக்காத பிரேக்கின் குணம். முன் பிரேக்கை ஒதுக்கிவிட்டால் நிற்கும் தூரம்தான் நீளும். மழையில் போகும்போது அவ்வப்போது லிவரை லேசாகத் தொட்டு டிஸ்க்கைத் துடைத்துக்கொள்வதும் உதவும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 ரக ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது; ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 155 வரை இறங்கலாம். நகரத்து ஓட்டத்தில் அது கொதிப்பது அபூர்வம்தான். ஆனால் அதே ஈரம் பிஸ்டனை உள்ளிருந்து அரித்து இறுக்கும். அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். புதுப் பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழகவே நூறு, இருநூறு கிலோமீட்டர் ஆகும் என்பதால், வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு ஒர்க்‌ஷாப்புக்குப் போவதைவிட செப்டம்பரிலேயே இந்த வேலைகளை முடித்துக்கொள்ளலாம்.